"அது எதுக்கு உதவும்?" என்று கேட்டவர்களுக்கு



நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். படிக்காமலே கும்பிடும் கைப் படத்தை மட்டும் போட்டுவிட்டு நழுவாதீர்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களைக் கண்டுபிடித்த அதே கண்தான் இன்னும் எனக்கு.

விஷயம் இதுதான். என் தங்கையின் பேத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், கிளிங்கான் மொழி கற்றுக்கொள்கிறேன் என்று நம் குடும்பக் குழுவில் ஒரு வரி எழுதினாள். கூடவே அந்த மொழியில் தானே அமைத்த ஒரு வாக்கியத்தையும் பேசி அனுப்பினாள். அதற்கு வந்த பதில்களை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். "சினிமாவில் வர்ற ராட்சசன் பாஷையா?" "இதை வச்சு எந்தக் கம்பெனியில வேலை தருவான்?" "தமிழே ஒழுங்கா வரல, இதுல இது வேறயா?" ஏழு பேர் எழுதினீர்கள். ஏழு பேரும் பெரியவர்கள். பிள்ளை ஒன்றும் பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

நான் மொழியியல் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிக்கொண்டு நேரே வகுப்பறைக்குப் போனவள். ஆனால் ஒரு பிள்ளை ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கு நிற்பதை முப்பது வருஷத்துக்கு மேல் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவள் செய்வது வெட்டி வேலை இல்லை. நாம் பள்ளிக்கூடத்தில் செய்யத் தவறிய வேலை அது.

முதலில் அது என்ன மொழி என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டு கேலி செய்வதாவது ஒரு மரியாதை.

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்கத் தொடரில் கிளிங்கான்கள் என்று ஒரு போர்வீர இனம் வரும். 1984-ல் வந்த மூன்றாவது திரைப்படத்துக்காக அந்த இனத்துக்கு ஒரு மொழி வேண்டும் என்று கேட்டார்கள். உருவாக்கிக் கொடுத்தவர் மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியல் அறிஞர். வாயில் வந்ததை உளறிவிட்டுப் போகவில்லை அவர். ஒலிகளை வரையறுத்தார், வினைக்கு முன்னொட்டு, பின்னொட்டு எல்லாம் அமைத்தார், 1985-ல் இலக்கணத்தோடு அகராதியே வெளியிட்டார். 1992-ல் இந்த மொழிக்கென்றே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1996-ல் ஹாம்லெட் நாடகம் முழுக்க இந்த மொழியில் வந்தது. 2010-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இதே மொழியில் ஓர் இசை நாடகம் அரங்கேறியது. இப்போது போனில் டுயோலிங்கோ வழியாகவும் படிக்கலாம்.

சரி, இதில் என்ன பெரிய பயன்? வருகிறேன்.

இந்த மொழியைப் படிக்கிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதுச் சொல்லை இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒக்ராண்ட் கொடுத்ததுதான் சொல். சொற்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே மனதில் இருக்கிற வாக்கியத்துக்கு நேர்ச்சொல் பெரும்பாலும் கிடைக்காது. "இதை எப்படிச் சொல்வது?" என்று தவிக்கும் மாணவருக்கு, விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வியைத்தான் திருப்பிப் போடுவார்கள்: "நீ உண்மையில் என்ன சொல்ல வருகிறாய்?"

இந்தக் கேள்வியை நம் வகுப்பறைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சில உதாரணங்கள் தருகிறேன். நோட்டை எடுக்க வேண்டாம், கவனித்தால் போதும். தமிழ் எழுத்தில் எழுதுவதால் உச்சரிப்பு முக்கால்வாசிதான் வரும்.

ஒன்று. ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஆம்' என்று வருகிற வினை கிளிங்கானில் கிடையாது. 'நான் ஆசிரியர்' என்பதற்கு 'கோஜ்மோஹ்வி ஜிஹ்' என்பார்கள். 'ஜிஹ்' என்றால் நான். முதல் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'கோஜ்' என்றால் கல். 'மோஹ்' என்பது செய்ய வைத்தல். 'வி' என்பது செய்பவர். கற்க வைப்பவர். எவ்வளவு அழகு! நம் தமிழிலும் 'நான் ஆசிரியர்' என்ற இரண்டு சொல்லே போதும். ஆனால் நம் பிள்ளைகள் இப்போது எப்படி எழுதுகிறார்கள்? 'அவர் ஒரு நல்ல மருத்துவராக இருக்கிறார்.' ஏன் இருக்கிறார்? நாளைக்கு இருக்க மாட்டாரா? ஆங்கில வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைத்ததால் வந்த வினை இது. கிளிங்கான் படிக்கிற பிள்ளை இந்தத் தப்பைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அங்கே கொண்டுவந்து ஒட்ட 'இரு' இல்லை. இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்தாலே வாக்கியம் நிற்கும் என்று அவளுக்குக் கை பழகிவிடும். 'தமிழே ஒழுங்கா வரல' என்று எழுதினீர்களே, அவள் எழுதும் தமிழ் நம் குழுவில் பலர் எழுதுவதைவிடச் சுத்தமாக இருக்கிறது. பழைய பதிவுகளைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டு. 'கப்பல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.' சாதாரண வாக்கியம்தான். ஆனால் கிளிங்கானில் 'எங்கே', 'யார்', 'என்ன' என்பவை கேள்வி கேட்க மட்டுமே. தெரிந்த செய்திக்குள் கேள்விச் சொல்லைச் சொருகுவதை நல்ல கிளிங்கான் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. புதிதாகப் படிப்பவர் அத்தனை பேரும் இங்கே முட்டி நிற்பார்கள். வழி என்ன? உனக்குத் தெரிந்தது கேள்வியா, இடமா? இடம். அப்போது இடத்தைச் சொல். 'டூஜ் டாக் விஷோவ்.' கப்பலின் இடத்தை அறிவேன். மூன்றே சொல்லில் முடிந்தது. பெரிய வாக்கியத்துக்குள் ஒளிந்திருந்த சின்னக் கருத்து வெளியே வந்துவிட்டது.

மூன்று. இதுதான் அவர்களிடையே பேர்போன சிக்கல். 'நான் தப்பிய கப்பல்' என்று சொல்ல வேண்டும். கிளிங்கானில் பெயரெச்சம் மாதிரி ஒன்று உண்டு. வினையோடு 'போக்' என்ற ஒட்டைச் சேர்ப்பார்கள். ஆனால் அதைக் கொண்டு முடியும் பெயர் ஒன்று எழுவாயாக இருக்க வேண்டும், அல்லது செயப்படுபொருளாக இருக்க வேண்டும். கப்பல் தப்பவில்லை, தப்பியவர் நான். கப்பலை நான் தப்பவில்லை, கப்பலில் தப்பினேன். இரண்டுமாக இல்லாததால் கதவு மூடிக்கொள்கிறது. என்ன செய்வார்கள்? 'டூஜ் விலோபோக்', அதாவது 'நான் பயன்படுத்திய கப்பல்' என்பார்கள். இப்போது கப்பல் செயப்படுபொருள் ஆகிவிட்டது, கதவு திறந்துவிட்டது. எதற்குப் பயன்படுத்தினேன், தப்புவதற்கு என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது இரண்டு வாக்கியமாக உடைத்துவிடலாம்: கப்பலைப் பயன்படுத்தினேன், தப்பினேன்.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. பெயரெச்சம் ஆறு வகைப் பெயர் கொண்டு முடியும் என்று மனப்பாடம் செய்தோமே! எழுதிய பெண், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். இத்தனைக்கும் 'எழுதிய' என்ற ஒரே சொல் ஈடு கொடுக்கிறது. நமக்கு இது மூச்சு விடுகிற மாதிரி, அதனால் அருமை தெரியவில்லை. ஆறில் இரண்டு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கும் ஒரு மொழியில் போய் முட்டினால்தான், நம் வீட்டுக்கு ஆறு வாசல் என்று உறைக்கும். நானே எத்தனை வருஷம் இந்த ஆறையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், பரீட்சையில் ஆறுக்கு ஆறு வாங்கினார்கள். அந்த ஆறு வகையும் ஏன் அதிசயம் என்று காட்ட எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்ததில்லை.

நான்கு. ஒப்பிடுவது. 'அம்மா அப்பாவைவிடக் கெட்டிக்காரி' என்று சொல்ல வேண்டும். (வீட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உதாரணம்தான்.) கிளிங்கானில்: 'ஷோஷ் வால் லாவ் வாவ் வால் பூஷ்.' அம்மாவின் அறிவு பல, அப்பாவின் அறிவு சில. 'விட' என்ற உருபே இல்லை. இரண்டு பேரையும் தனித்தனியே நிறுத்தி, இங்கே அதிகம், அங்கே குறைவு என்று எடை போட்டுக் காட்டுகிறார்கள். இந்த வாய்பாட்டில் பண்பைச் சொல்லும் வினைதான் நிற்கும். அப்படியானால் 'அவன் என்னைவிட வேகமாக ஓடுகிறான்' என்பதை எப்படிச் சொல்வது? 'வேகமாக' என்பது பண்பு வினை இல்லையே. யோசிக்க வேண்டும். எதை எதோடு ஒப்பிடுகிறேன்? ஆளையா, ஓட்டத்தையா, வேகத்தையா? இந்த யோசனைதான் இலக்கணம். சூத்திரம் ஒப்பிப்பது இலக்கணம் இல்லை.

ஐந்து. இதை எல்லோரும் கவனியுங்கள், முக்கியமாகக் குழுவில் சண்டை போடுகிறவர்கள். கிளிங்கானில் 'பெ' என்ற மறுப்பு ஒட்டு, எதை மறுக்கிறோமோ அதற்குப் பின்னால் ஒட்டும். 'விலெக்' என்றால் அவரைப் பார்க்கிறேன். 'காங்' என்பது சம்மதம். 'விலெக்காங்பெ' என்றால் பார்க்கச் சம்மதம் இல்லை. 'விலெக்பெகாங்' என்றால் பார்க்காமல் இருக்கச் சம்மதம். இரண்டும் ஒன்றா? ஒன்றே இல்லை. முதலாவது மறுப்பு. இரண்டாவது விட்டுக்கொடுத்தல். தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. 'போக விரும்பவில்லை' வேறு, 'போகாமலிருக்க விரும்புகிறேன்' வேறு. ஆனால் பேச்சில் நாம் எல்லாவற்றையும் 'வேணாம்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். எத்தனை குடும்பச் சண்டை இந்த ஒரு சொல்லில் கிளம்பியிருக்கிறது! ஒட்டை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசிக்கப் பழகிய பிள்ளை, வாயைத் திறக்கும் முன்னாலும் ஒரு நிமிஷம் யோசிக்கும்.

ஆறு. கிளிங்கான் வினைக்குக் காலம் கிடையாது. நேற்று, நாளை என்று தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் செயல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒட்டு காட்டும். 'ஜாஹ்தாஹ்' என்றால் போய்க்கொண்டே இருக்கிறார். 'ஜாஹ்லி' என்றால் ஓர் இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். முடிந்த செயலுக்கும் இரண்டு ஒட்டு. சும்மா முடிந்தது ஒன்று, முயன்று முடித்தது ஒன்று. அரசு அலுவலகங்களில் 'உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று சொல்வார்களே, அது தாஹ்-வா லி-யா என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த மொழியில் பன்மை ஒட்டு மூன்று விதம். மொழி பேசும் உயிர்களுக்கு ஒன்று, உடல் உறுப்புகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. 'என்னுடைய' என்று சொல்லும்போதும், மொழி பேசுகிறவருக்கு ஓர் ஒட்டு, மற்றதற்கு வேறு ஒட்டு. ஆளுக்குப் பொருளின் ஒட்டைப் போட்டால் அவமதிப்பு. உயர்திணை, அஃறிணை என்று நாம் வைத்திருப்பதற்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது. போர்வீரர்கள், முரடர்கள் என்று கதையில் காட்டப்படும் இனத்தின் மொழியில், பேசத் தெரிந்த எந்த உயிரையும் 'அது' என்று தள்ளிவிடக் கூடாது என்று விதி. ஒரு பிள்ளையை 'அது ஒரு லூசு' என்று குழுவில் எழுதியவர் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கவும்.

இப்போது எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

'இது பொய் மொழி, இட்டுக்கட்டியது' என்கிறீர்கள். இட்டுக்கட்டியதுதான், யார் இல்லை என்றது? சதுரங்கமும் இட்டுக்கட்டியதுதான். குதிரை ஏன் இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்ப வேண்டும்? யாரோ வைத்த விதி. அந்த விதிக்குள் ஆடினால் மூளை கூர்மையாகும் என்று பிள்ளைகளைக் காசு கட்டி வகுப்புக்கு அனுப்புகிறீர்களே! விதியோடு மோதி வழி கண்டுபிடிப்பதுதானே அங்கேயும் பயிற்சி?

1991-ல் வந்த ஆறாவது ஸ்டார் டிரெக் படத்தில் ஹாம்லெட்டின் அந்தப் புகழ்பெற்ற கேள்வியைக் கிளிங்கானில் சொல்ல வேண்டியிருந்தது. இருப்பதா வேண்டாமா என்ற கேள்வி. ஆனால் அந்த மொழியில் 'இரு' இல்லையே! ஒக்ராண்ட் முதலில் 'வாழ்' என்ற வினையைக் கொண்டு ஒரு வரி அமைத்தார். நடிகர் கிறிஸ்டஃபர் பிளம்மருக்கு அதன் ஓசை போதிய வேகமாகப் படவில்லை. பிறகு 'தாஹ்' என்றார் ஒக்ராண்ட். தொடர்ந்து நில், தாக்குப்பிடி என்று பொருள். ஒரு போர்வீரன் வாயில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! நேர்ச்சொல் இல்லாமல் போனதால்தான் இந்தப் பொருத்தம் கிடைத்தது. சொல் இல்லை என்பது முட்டுச்சந்து இல்லை என்று இதைவிட நன்றாக எந்தப் பாடத்திலும் காட்ட முடியாது.

'அழிந்துகொண்டிருக்கிற உண்மையான மொழிகளைப் படிக்கலாமே' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏழில் இது ஒன்றுதான் மரியாதையான கேள்வி. பதில் சொல்கிறேன். மார்க் ஒக்ராண்ட் கிளிங்கானுக்கு முன் என்ன செய்தார் தெரியுமா? கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் பேசிய மூட்சுன் என்ற மொழிக்கு இலக்கணம் எழுதினார். 1977-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி அம்மையார் 1930-லேயே இறந்துவிட்டார். அவரிடம் உட்கார்ந்து ஓர் ஆய்வாளர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து ஒக்ராண்ட் இலக்கணத்தைத் திரட்டினார். இன்று அந்த மக்களின் வழிவந்தவர்கள் மூட்சுனை மறுபடி கற்கிறார்கள். 2016-ல் அகராதியும் வந்துவிட்டது. அவர்களுக்கும் இதே பாடுதான். பழைய குறிப்பில் இல்லாத ஒன்றை, இருக்கிற சொற்களைக் கொண்டு எப்படிச் சொல்வது? விளையாட்டு மொழியில் பழகும் திறமையும், பாட்டியின் மொழியை மீட்கத் தேவைப்படும் திறமையும் ஒன்றுதான். ஒன்றைப் படித்தால் மற்றதற்குத் துரோகம் என்று யார் சொன்னது? மொழி எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு தடவை ருசி கண்ட பிள்ளை அடுத்த மொழிக்குத் தானே போகும். ருசியே காணாத பிள்ளைதான் எந்த மொழிக்கும் போகாது.

'வேலை கிடைக்குமா?' கிடைக்காது. நாம் கோலம் போடுகிறோம், வேலை கிடைக்கிறதா? நான் கேட்கிறேன், வேலை கிடைக்கும் என்று நாம் படிக்க வைத்த ஆங்கிலம் என்ன ஆனது? பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு, ஒரு விடுப்பு விண்ணப்பத்தைச் சொந்தமாக எழுதத் தெரியாத எத்தனை பேரைப் பார்க்கிறோம்? அவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. தான் சொல்ல வருவது என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்ளப் பழக்கவில்லை. உரைநூலைப் பார்த்து எழுது, அடிக்கோடிட்டதைப் படி, சொல்லுக்குச் சொல் பெயர் என்றே வளர்த்தோம். பதில் கேள்வித்தாளில் இருந்தால் எழுதுவார்கள், மனதில் இருந்தால் எழுத வராது. இது மதிப்பெண் பிரச்சினை இல்லை. தனக்கு வலிக்கிறது என்று டாக்டரிடம் சரியாகச் சொல்லத் தெரியாமல், தனக்கு நடந்த அநியாயத்தை மனுவில் எழுதத் தெரியாமல் ஒரு தலைமுறை நிற்கிறது. கேலியாகப் பேச மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எல்லோரும் கிளிங்கான் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தேவையும் இல்லை. ஒரு பிள்ளை கஷ்டமான வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, உடைத்து, திருப்பி, வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவரப் பாடுபடுகிறதென்றால், அது எந்த மொழியானாலும், பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். முடிந்தால், "நீ என்ன சொல்ல வர்றம்மா?" என்று கேட்க வேண்டும்.

பதிவை முடிக்கும் முன், வழக்கம்போல் வீட்டுப்பாடம். பழைய மாணவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும், உறவுகள் விரும்பினால் செய்யலாம்.

1. 'அவர் ஒரு மிகவும் நேர்மையான அதிகாரியாக இருக்கிறார்.' 'ஒரு', 'இரு' இரண்டும் இல்லாமல் எழுதுக.

2. 'எந்தக் கத்தியால் நீ காய் நறுக்கினாயோ அந்தக் கத்தி எங்கே?' நன்னூலின் ஆறு வாசலில் ஒன்றைத் திறந்து, நான்கே சொற்களுக்குள் கேட்க. எந்த வாசல் என்றும் குறிப்பிடுக.

3. 'விட' என்ற சொல்லே வராமல், இருவரில் ஒருவர் உயரம் என்பதை மூன்று விதமாகச் சொல்க.

4. 'வேணாம்' என்று நீங்கள் கடைசியாக யாரிடமாவது சொன்னபோது எதை மறுத்தீர்கள்? செயலையா, விருப்பத்தையா, ஆளையா? அந்த வாக்கியத்தை முழுதாக எழுதுக. இதற்கு மட்டும் விடையை எனக்கு அனுப்ப வேண்டாம், சொன்னவரிடமே சொல்லிவிடுங்கள்.

மற்ற மூன்றுக்கும் கீழே பதில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்